அடக்கமும் விரைவும்

கலைப்பீடத்திற் பயிலும் ஒருவர் நரம்புக் கலங்களைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாயும் சிலருக்கு வேடிக்கையாயும் தோன்றக்கூடும். நமது பல்கலைக்கழகச் சூழலிலே விஞ்ஞானமும் கலையும் வெவ்வேறு கட்டடங்களிற் குடியிருப்பவை. ஓரிடத்திற் சமன்பாடு பேசுகின்றது; மற்றோரிடத்திற் சொல் பேசுகின்றது. ஆயினும் சமன்பாட்டை விளங்கிக்கொள்வதும் சொல்லைச் சுவைப்பதும் மண்டையோட்டினுள் இருக்கும் ஒரே உறுப்புத்தான். அவ்வுறுப்பு எங்ஙனம் தொழிற்படுகின்றது என்பதை அறிய விரும்புபவர் வைத்திய மாணவராகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. எனது ஆர்வம் ஒரு சொல்லிலிருந்தும் ஒரு சிறுவனிடமிருந்தும் பிறந்தது. சொல்லை முதலிற் கூறிச் சிறுவனைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

அச்சொல் 'அடக்கம்' என்பது. அடங்கு என்பது தன்வினை; அடக்கு என்பது பிறவினை. இவ்விரண்டின் வழியாகவும் நம் மொழியிற் பெரியதொரு சொற்குடும்பம் பெருகியுள்ளது. பள்ளிப் பருவத்தில் நமக்குப் போதிக்கப்பட்ட அடக்கம் ஒரு நற்பண்பு. நூலுக்குள் இருப்பது உள்ளடக்கம். இறந்தவரை மண்ணுக்குக் கொடுப்பது நல்லடக்கம். மேடைகளில் நாம் கேட்டு வளர்ந்த அடக்குமுறையோ கொடுமையின் பெயர். நன்மையும் தீமையும் மரணமும் ஒரே வேரில் தொங்குகின்றன. இவை யாவற்றுக்கும் பொதுவாக நம் மனத்தில் எழும் சித்திரம் ஒன்றுண்டு. அடக்கம் என்பது அசைவின்மை, ஓசையின்மை, மந்தம் என்பதே அச்சித்திரம். இயங்குவதற்கே முயற்சி வேண்டும், நிற்பதற்கு வேண்டியதில்லை என்று உலகவழக்கு எண்ணுகின்றது. நரம்புடற்றொழிலியலின் வரலாறு இதற்கு மாறான ஒன்றைக் கூறுகின்றது. அடக்குதல் ஒரு செயல். அதுவும் மூளை செய்யும் செயல்களுள் மிக விரைவானவற்றுள் ஒன்று. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நரம்பு ஓர் உறுப்பை இயக்குவதோடு நிறுத்தவும் வல்லது என்பது 1845 ஆம் ஆண்டிலே தெளிவாயிற்று. செருமானிய உடற்றொழிலியலாளரான வேபர் சகோதரர்கள் வேகசு எனப்படும் நரம்பை மின்னால் தூண்டியபோது, இதயம் விரைந்து துடிப்பதற்குப் பதிலாக ஓய்ந்து நின்றது. தூண்டுதலின் விளைவு ஓய்வு என்பது அக்காலத்து அறிஞருக்குப் பெரும் புதிராக இருந்தது. 1863 ஆம் ஆண்டில் உருசிய நாட்டுச் செச்செனோவ், தவளையின் மூளையிற் குறிப்பிட்ட பகுதிகளைத் தூண்டினால் முண்ணாணின் தெறிவினைகள் அடங்குகின்றன என வெளியிட்டார். ஆகவே அடக்கும் ஆற்றல் இதயத்தோடு நின்றுவிடவில்லை. மைய நரம்புத் தொகுதியினுள்ளேயும் அது உறைந்திருந்தது.

இவ்வெண்ணத்தை முழுமைப்படுத்தியவர் இங்கிலாந்தின் சாள்ஸ் ஷெறிங்டன். நாம் முழங்காலை மடக்கும்போது மடக்கும் தசை சுருங்குகின்றது. அதே வேளையில் காலை நீட்டும் தசை தளரவேண்டும். தளராவிடின் இரு தசைகளும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்க, கால் மரக்கட்டைபோல் விறைத்து நிற்கும். எதிர்த் தசை தானாகத் தளர்வதில்லை என்பதையும், அதனை இயக்கும் நரம்புக் கலங்கள் முண்ணாணினுள்ளே அடக்கப்படுகின்றன என்பதையும் ஷெறிங்டன் நிறுவினார். 1932 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றபோது அவர் தமது உரைக்கு எடுத்துக்கொண்ட பொருளே, இயக்கங்களை ஒருங்கிணைப்பதில் நிரோதத்துக்குரிய பங்கு என்பதாகும். நாம் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் ஓர் ஏவலும் ஒரு தடையும் இணைந்தே செல்கின்றன.

நிரோதம் என்ற சொல்லை ஈண்டு ஆள்வதற்குக் காரணம் உண்டு. நமது உயர்தர உயிரியல் நூல்கள் நொதியத்தின் தொழிலைத் தடுக்கும் பொருளை 'நிரோதி' என்றே குறிக்கும். வடமொழியில் யோக நூலாரும், பாளியில் பௌத்தரும் போற்றிய சொல் இது. பௌத்தத்தின் நான்கு வாய்மைகளுள் மூன்றாவது நிரோதமே. மெய்யியல் வகுப்பில் மன அலைகளின் ஒடுக்கமாகவும் துன்பத்தின் ஒழிவாகவும் அறிந்த சொல்லை விஞ்ஞான நூலில் மீண்டும் கண்டபோதுதான் இப்பொருளின்மேல் எனக்கு முதன்முதலிற் பற்று ஏற்பட்டது.

இனி, நரம்பின் செய்தி யாது என நோக்குவோம். ஒவ்வொரு நரம்புக் கலத்தையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று வேலிபோற் சூழ்ந்திருக்கின்றது. வேலிக்கு வெளியே சோடியம் அயன்கள் மிகுதி. உள்ளே பொற்றாசியம் அயன்கள் மிகுதி. மின்னேற்றமுடைய இவ்வயன்கள் கொழுப்பு வேலியைத் தாமாக ஊடுருவ இயலாது. அவை சென்றுவரப் புரதத்தாலான வாயில்கள் உண்டு. இவையே அயன் கால்வாய்கள். யாழ்ப்பாணத்து வளவொன்றின் படலையை இவற்றுக்கு உவமை கூறலாம். எனினும் இப்படலைகளைத் திறக்க ஆள் வேண்டியதில்லை. சவ்வின் மின்னழுத்தம் மாறுவதை உணர்ந்து தாமே திறப்பனவும், குறித்ததோர் இரசாயனப் பொருள் வந்து பொருந்தியதும் திறப்பனவும் என இவை பல வகைப்படும். சோடியத்துக்கான வாயில் வேறு, பொற்றாசியத்துக்கான வாயில் வேறு. திறந்திருக்கும் ஒரு தனிக் கால்வாயினூடாக ஒரு செக்கனில் கோடிக்கணக்கான அயன்கள் பாயவல்லன. 1976 ஆம் ஆண்டில் நேயர், சக்மான் என்னும் இரு செருமானியர் ஒரேயொரு கால்வாயினூடாகப் பாயும் மின்னோட்டத்தைத் தனித்து அளந்து காட்டினர். 1991 ஆம் ஆண்டில் நோபல் பரிசு அவர்களைத் தேடிவந்தது.

ஓய்ந்திருக்கும் நரம்புக் கலத்தின் உட்புறம் வெளிப்புறத்தோடு ஒப்பிடுமிடத்து ஏறத்தாழ மறை 70 மில்லிவோல்ற்று அழுத்தத்தில் இருக்கும். இவ்வழுத்தம் ஓரளவுக்குக் குறைந்தவுடன் சோடியம் வாயில்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கின்றது. கலத்தின் உட்புறம் கணப்பொழுதில் நேர் அழுத்தத்தை எய்துகின்றது. அடுத்த கணம் சோடியம் வாயில்கள் அடைபட, பொற்றாசியம் வாயில்கள் திறந்து, வெளியேறும் பொற்றாசியம் அழுத்தத்தைப் பழைய நிலைக்கு இறக்குகின்றது. இவ்வேற்ற இறக்கமே தாக்க அழுத்தம் எனப்படும். ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவர் கணவாய் இனமொன்றின் பருத்த நரம்பிழையில் இதனை ஆராய்ந்தனர். 1939 ஆம் ஆண்டில் தொடங்கிய அவ்வாய்வு உலகப் போரினால் தடைப்பட்டு, 1952 ஆம் ஆண்டில் நிறைவான கொள்கையாக வெளிவந்தது. கால்வாய் எதனையும் கண்ணாற் காணாமலே, மின்னோட்டத்தை அளந்தும் சமன்பாடுகளை ஆக்கியும் அவற்றின் நடத்தையை அவர்கள் கணித்துரைத்தனர்.

அவ்விருவரோடு 1963 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூன்றாமவர் ஜோன் எக்கிள்ஸ். அடக்குதலின் பொறிமுறையைக் கலத்தினுள்ளே நின்று முதலில் அளந்தவர் அவர். நரம்புக் கலத்திலிருந்து நரம்புக் கலத்துக்குச் செய்தி மின்னோட்டமாகவே தாவுகின்றது என்னும் கட்சியைச் சேர்ந்தவராக அவர் பல்லாண்டுகள் வாதிட்டு வந்தார். நியூசிலாந்தில் அவருக்கு மெய்யியலாளரான கார்ல் பொப்பருடன் நட்பு உண்டாயிற்று. ஒரு கொள்கையைப் பொய்ப்பிக்கவல்ல சோதனையைத் தேடிச் செய்வதே விஞ்ஞானியின் கடன் என்பது பொப்பரின் போதனை. 1951 ஆம் ஆண்டில் டனிடின் நகரில், பூனையின் முண்ணாணிலுள்ள கலமொன்றினுள் நுண்ணிய கண்ணாடி மின்வாயைச் செலுத்தி, அடக்கும் செய்தி வந்தடையும்போது என்ன நிகழ்கின்றது என எக்கிள்ஸ் அளந்தார். கலத்தின் அழுத்தம் மேலும் மறைப்பக்கமாக இறங்கியது. அவரது கொள்கை எதிர்பார்த்ததற்கு இது நேர்மாறு. தாம் நெடுங்காலம் காத்த கொள்கையை அவர் கைவிட்டு இரசாயனக் கடத்தலை ஏற்றுக்கொண்டார். மெய்யியல் பயிலும் எமக்கு இது பெருமையளிக்கும் நிகழ்ச்சி. ஆய்வுகூடத்தின் போக்கை மெய்யியல் திருப்பிய அரிய சந்தர்ப்பம் இது.

அவ்விரசாயனப் பொருள்கள் யாவை என்பதும் காலகதியில் தெரியவந்தது. மூளையில் முதன்மையானது 'காபா' என்னும் அமினோ அமிலம். மூளையில் அதன் இருப்பு 1950 ஆம் ஆண்டில் அறியப்பட்டது. முண்ணாணில் கிளைசீன் என்பதும் பெரும்பங்கு வகிக்கின்றது. இவை ஏற்கும் கலத்தின் சவ்விலுள்ள வாங்கிகளில் வந்து பொருந்துகின்றன. அவ்வாங்கிகளே குளோரைட்டு அயனுக்குரிய கால்வாய்களுமாகும். கால்வாய் திறந்ததும் மறையேற்றமுடைய குளோரைட்டு உட்புகுந்து, கலத்தின் அழுத்தம் மேலெழாதவாறு இழுத்துப் பிடிக்கின்றது.

இக்கால்வாயின் மதிப்பை அறிய நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. நம் நாட்டின் உலர் வலயக் காடுகளிலும் தென்னிந்தியாவிலும் வளரும் எட்டி மரத்தின் வித்தில் ஸ்றிக்கினின் என்னும் நஞ்சு உண்டு. அந்நஞ்சைப் பெலத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு இரசாயனவியலாளர் இருவர் 1818 ஆம் ஆண்டில் எட்டியின் இனத்தாவரத்திலிருந்து பிரித்தெடுத்தனர். அது செய்வதெல்லாம் கிளைசீன் பொருந்தவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்வது மாத்திரமே. எந்தத் தசையையும் அது நேராகத் தூண்டுவதில்லை. ஆயினும் நஞ்சுண்டவரை மெல்லத் தொட்டாலும், அருகில் ஓசை எழுந்தாலும், மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒருங்கே சுருங்கி உடல் வில்லாய் வளைகின்றது. ஏற்புவலி நோயின் நஞ்சும் நிரோதப் பொருள்கள் வெளிப்படுவதைத் தடுத்தே அவ்விறைப்பை உண்டாக்குகின்றது. தடை நீங்கிய உடல் விடுதலை பெறுவதில்லை. அசையவும் இயலாது போகின்றது.

இதுகாறும் கூறியவை அடக்குதல் இன்றியமையாதது என்பதைக் காட்டும். அது ஏன் விரைவாகவும் இருத்தல் வேண்டும் என்பதே அடுத்த வினா. மூளையின் மேற்பட்டையிலுள்ள நரம்புக் கலங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே நிரோதக் கலங்கள். ஏனையவை பெரும்பாலும் தூண்டும் இயல்பின. வெளியிலிருந்து வரும் செய்தியொன்று தூண்டும் கலத்தையும் அருகிலுள்ள நிரோதக் கலத்தையும் ஏறத்தாழ ஒரே வேளையில் எட்டுகின்றது. தூண்டும் கலம் எழ ஆயத்தமாகும்போதே, நிரோதக் கலம் தன் செய்தியை அனுப்பி அதனை அடக்கிவிடும். இடையிலுள்ள அவகாசம் இரண்டு மில்லிசெக்கனளவே என எலியின் மூளையில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2001 ஆம் ஆண்டில் காட்டியது. அச்சிறு இடைவெளிக்குள் ஒன்றுகூடி வந்த செய்திகளே கலத்தை எழுப்பவல்லன. சிதறி வந்தவை வீணாகும். எது எதனோடு ஒரே வேளையில் நிகழ்ந்தது என்பதை மூளை பிரித்தறிவதற்கு இந்த இடைவெளியின் குறுக்கமே துணைநிற்கின்றது. அடக்கும் கலம் தாமதிக்குமாயின் இடைவெளி அகலும், கூர்மை மழுங்கும்.

இத்தொழிலுக்கென அமைந்தவை கூடைக் கலங்கள். ஏற்கும் கலத்தின் உடலைக் கூடைபோற் சூழ்ந்து தம் இழைகளைப் பின்னுவதால் இப்பெயர் பெற்றன. ஒரு கூடைக் கலம் நூற்றுக்கணக்கான கலங்களுக்குக் கட்டளையிடவல்லது. தூண்டும் கலமொன்றின் தாக்க அழுத்தம் ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன் நீடிக்க, இவற்றின் தாக்க அழுத்தம் அரை மில்லிசெக்கனுக்குள் முடிந்துவிடும். தூண்டப்படுமிடத்துச் செக்கனுக்கு இருநூறு, முந்நூறு தடவை எனக் களைப்பின்றி இவை எழுந்து அடங்கும். நம் இலக்கணகாரர் மாத்திரை என்னும் கால அளவைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் வரையறுத்தனர். கண்ணிமைப்புக்குச் செக்கனின் ஐந்தில் ஒரு பங்கு எனக் கொண்டால், ஒரு மாத்திரைக்குள் இக்கலம் நாற்பது முறைக்கு மேல் எழுந்து அடங்கிவிடும்.

இவ்விரைவு எங்ஙனம் கைகூடுகின்றது? இங்கேதான் கால்வாய்களின் நுட்பம் வெளிப்படுகின்றது. சோடியம் படலைக்கு இரண்டு தாழ்ப்பாள்கள் உண்டு எனக் கொள்ளலாம். அழுத்தம் உயர்ந்ததும் ஒன்று திறக்கின்றது. சிறிது நேரத்தில் மற்றது விழுந்து வழியை அடைக்கின்றது. விழுந்த தாழ்ப்பாள் மீண்டும் உயர்வதற்குக் கலத்தின் அழுத்தம் மறைப்பக்கமாக இறங்கியாக வேண்டும். இறங்கத் தாமதமானால் மேலும் மேலும் படலைகள் அடைபட்டே கிடக்கும். கலம் அடுத்த முறை எழ முடியாது. எனவே விரைந்து மீண்டும் எழ விரும்பும் கலம், முதலில் விரைந்து இறங்கக் கற்றிருத்தல் வேண்டும்.

இறக்கும் தொழில் பொற்றாசியம் கால்வாய்க்குரியது என்று கண்டோம். ஆனால் சாதாரணப் பொற்றாசியம் கால்வாயிடம் இரு குறைகள் உள. அழுத்தம் சற்று உயர்ந்தவுடனேயே அது திறந்து ஏற்றத்துக்கு இடையூறு செய்யலாம். இறங்கி முடிந்த பின்னரும் மூடத் தாமதித்து அடுத்த எழுச்சியைத் தடுக்கலாம். கூடைக் கலங்களின் சவ்வில் 'கேவீ3' என ஆய்வாளர் பெயரிட்ட சிறப்பு வகைப் பொற்றாசியம் கால்வாய்கள் செறிந்துள்ளன. கலத்தின் அழுத்தம் மறை 20 மில்லிவோல்ற்றளவைக் கடந்து உயர்ந்த பின்னரே இவை திறக்கத் தொடங்குகின்றன. ஆகவே எழுச்சியின் தொடக்கத்தில் இவை குறுக்கிடுவதில்லை. உச்சியை அண்மித்ததும் மின்னலெனத் திறந்து அழுத்தத்தைக் கீழே இழுக்கின்றன. அழுத்தம் இறங்கியதும் உடனே மூடிக்கொள்கின்றன. சோடியம் படலைகளின் தாழ்ப்பாள்கள் உயர, கலம் மீண்டும் ஆயத்தமாகின்றது. டெட்ராஎதில் அமோனியம் என்னும் பொருளைச் சிறிதளவு சேர்த்து இக்கால்வாய்களை அடைத்தபோது, கலத்தின் தாக்க அழுத்தம் அகன்று, எழுச்சிகளின் வேகமும் குன்றியதை ஆய்வாளர் கண்டனர். வேண்டிய வேளையில் வந்து, செய்யவேண்டியதைச் செய்து, பின்பு அங்கே தங்கி நில்லாமல் விலகுவது இக்கால்வாயின் குணம். பிறரை அடக்கும் கலம், தன் எழுச்சியைத் தானே அடக்குவதில் ஏனைய கலங்களை விஞ்சியிருக்கின்றது.

இத்திறமை இலவசமாகக் கிடைப்பதன்று. ஒவ்வோர் எழுச்சியிலும் உட்புகுந்த சோடியத்தை வெளியேற்றி, வெளியேறிய பொற்றாசியத்தை உள்ளெடுக்கும் பம்பி ஒன்று சவ்வில் ஓயாது இயங்குகின்றது. டென்மார்க்கின் ஸ்கூ 1957 ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தார். மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொற்றாசியம் உள்ளே என ஒவ்வொரு சுற்றுக்கும் சக்தி செலவாகின்றது. உடல் நிறையில் இரண்டு வீதமேயான மூளை, ஓய்விலுள்ள உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ இருபது வீதத்தை உண்பதற்கு இத்தகைய அயன் போக்குவரத்தே பெருங்காரணம். விரைந்தெழும் நிரோதக் கலங்கள் இழைமணிகளை மிகுதியாகக் கொண்டிருப்பதும் இதனாலேயாம். அடக்கம் என்பது செலவற்ற சும்மா இருத்தல் என எண்ணுவோர் இக்கணக்கை நோக்குதல் நன்று.

இனிச் சிறுவனைப் பற்றிக் கூறுவேன். என் சின்னம்மாவின் மகனுக்கு ஆறு வயதாக இருந்தபோது ஓரிரவு கடுங்காய்ச்சலின் நடுவே வலிப்பு வந்தது. அதன் பின்னர் காய்ச்சல் இல்லாத நாள்களிலும் அது அவனைத் தேடிவந்தது. அம்மம்மா திறப்புக் கோர்வையை அவன் உள்ளங்கையில் திணிப்பார். "பிடியுங்கோ, விடாதையுங்கோ" என்று அவர் கதற, மாமாமார் இருவர் அவன் கால்களை அழுத்திப் பிடிப்பர். நோஞ்சானான அப்பிள்ளைக்கு இத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்று ஒழுங்கையிலுள்ளோர் வியந்தனர்; அவனுக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று சிலர் அடங்கிய குரலிற் பேசினர். அவனோடு விளையாட வந்த பிள்ளைகள் மெல்ல மெல்ல வராது விட்டனர். அவனைப் பார்த்த வைத்தியரோ, வலிப்பு வரும்போது அவனை அழுத்திப் பிடிக்கவேண்டாம், வாயில் எதனையும் வைக்கவேண்டாம், ஒருக்களித்துக் கிடத்தி அருகில் இருங்கள் என்றார். அம்மம்மாவுக்கு அது கல்நெஞ்சர் பேச்சாகப் பட்டது.

வைத்தியரின் சொல்லுக்குள் இருந்த உண்மையைப் பின்னாளில் விடுதித் தோழி ஒருத்தியின் உடற்றொழிலியல் நூலைப் புரட்டியபோதே விளங்கிக்கொண்டேன். வலிப்பு என்பது எண்ணற்ற நரம்புக் கலங்கள் கட்டுமீறி ஒருங்கே எழும் நிலை. அதன் காரணங்கள் பலதிறத்தன. எல்லோர்க்கும் ஒன்றே எனக் கூறமுடியாது. எங்கள் சிறுவனுக்கு எது காரணம் என்பதை இங்கு ஆராயப் போவதுமில்லை. ஆயினும் ஒன்று என் நெஞ்சிற் பதிந்தது. ஒழுங்கையிலுள்ளோர் கண்டது மிகையான பலம். உண்மையில் பல வலிப்புகளில் நிகழ்வது உள்ளிருக்கும் தடையொன்றின் தளர்ச்சி. மாமாமாரின் கைகள் காலைப் பிடித்தனவேயன்றி, மில்லிசெக்கன் அளவிற் பிடித்து விடவேண்டிய அந்தப் பிடியை அவற்றால் ஈடுசெய்ய இயலாது. வலிப்பைத் தணிக்கப் பயன்படும் டயசிப்பாம் போன்ற மருந்துகள், காபா வாங்கிகளின் குளோரைட்டுக் கால்வாய்கள் மேலும் அடிக்கடி திறக்கத் துணைசெய்து, உள்ளிருந்தே அப்பிடியை வலுப்படுத்துகின்றன.

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் அரிய நோயொன்று உண்டு. பிரெஞ்சு வைத்தியரான சார்லொட் திராவே 1978 ஆம் ஆண்டில் விவரித்த அந்நோய், குழந்தையின் முதலாம் ஆண்டிலேயே, பெரும்பாலும் காய்ச்சலோடு கூடிய வலிப்பாகத் தொடங்கும். சோடியம் கால்வாயொன்றை ஆக்கும் பரம்பரையலகில் ஏற்படும் விகாரமே இதற்குக் காரணமென 2001 ஆம் ஆண்டில் பெல்ஜிய ஆய்வாளர் கண்டனர். அப்பரம்பரையலகின் இரு பிரதிகளுள் ஒன்று பழுதுபட்டுவிடுகின்றது. இங்கே ஒரு முரண் எழுந்தது. சோடியம் கால்வாய் எழுச்சியை உண்டாக்குவது. அது குறைந்தால் மூளை அமைதியடைய வேண்டுமல்லவா? விடை 2006 ஆம் ஆண்டில், எலிகளில் நடத்திய ஆய்விற் கிடைத்தது. அக்குறிப்பிட்ட கால்வாயைப் பெரிதும் நம்பியிருப்பவை நிரோதக் கலங்களே. தூண்டும் கலங்கள் ஏறக்குறைய வழமைபோல் இயங்க, அடக்குவோர் மட்டும் வலுவிழந்தனர். வேறு வலிப்புகளுக்கு உதவும், சோடியம் கால்வாயை அடைக்கும் மருந்துகள் சில இந்நோயாளரின் நிலையை மேலும் மோசமாக்குவதன் காரணமும் இதனால் விளங்கிற்று. எஞ்சியிருந்த அடக்கத்தையும் அம்மருந்து பறித்துவிடுகின்றது. 2015 ஆம் ஆண்டில், கேவீ3 வகைக் கால்வாயொன்றின் விகாரமும் தசைத்துடிப்போடு கூடிய ஒருவகை வலிப்பை உண்டாக்குவது அறியப்பட்டது. எழுப்பும் வாயில் கெட்டாலும், இறக்கும் வாயில் கெட்டாலும், அடக்கும் கலம் தன் விரைவை இழக்கின்றது. விளைவைப் பிள்ளை சுமக்கின்றது.

மூளையின் அமைப்பைச் சமுதாயத்துக்கு உவமையாக்குவது இலகு. அதில் ஆபத்தும் உண்டு. கலங்களுக்கு உரிமைகள் இல்லை, மனிதருக்கு உண்டு. அடக்கும் கலத்தைக் காட்டி அடக்கும் அதிகாரத்துக்கு நியாயம் கற்பிக்க ஒருவர் முற்படலாம். அவருக்கு அக்கலத்தின் நடத்தையையே விடையாகக் கூறலாம். கூடைக் கலம் தான் அடக்கும் கலங்களிடமிருந்தே செய்தியைப் பெறுகின்றது. அவற்றின் குரலைக் கேட்டே எழுகின்றது. எழுந்தது கணத்தில் அடங்குகின்றது. அடங்கியபின் எதிர்க்கலத்துக்கு அதன் வாய்ப்புத் திரும்பக் கிடைக்கின்றது. கேளாமலும் முடியாமலும் நீளும் அடக்குதலுக்கு அம்மூளையினுள் உவமை தேடினால், அதனை நலமுள்ள கலங்களிடையே காணமுடியாது.

சிறுமூளையின் மேற்பட்டையிலிருந்து வெளியே செல்லும் செய்தி முழுவதும் பேர்க்கிஞ்சி கலங்களின் நிரோதச் செய்தியே என்பதை யப்பானிய அறிஞர் மசாவோ இத்தோ 1960களில் நிறுவினார். பேனா பிடித்து எழுதும் கை, மிருதங்கத்திற் படும் விரல், கயிற்றின்மேல் நடக்கும் கால் ஆகிய யாவற்றின் நேர்த்திக்கும் பின்னால், செக்கனுக்குப் பல பத்து முறை 'இவ்வளவு போதும்' என்று கூறி ஓயும் கலங்கள் உள்ளன. அடக்கம் என்ற நம் சொல்லுக்கு அகராதியில் உள்ள பொருள்களோடு இதனையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். உற்ற வேளையில் எழுந்து, உரியதைத் தடுத்து, தடுத்த கையை உடனே எடுத்துக்கொள்வதும் அடக்கமே.